வெள்ளரிக்கு எது இடது கை

யாரோடு பேசினாலும் தெய்வசிகாமணியின் கண் முதலில் போய் நிற்பது அவர்களுடைய இடது தோளுக்குக் கீழே. முகம் அப்புறம்தான். எதிரில் நிற்பவர் அரைக்கைச் சட்டை போட்டிருந்தால் தலையை லேசாகச் சாய்த்து, சட்டைக் கையின் விளிம்புக்குள் எட்டிப்பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பார். தழும்பு கண்ணில் பட்டுவிட்டால் தாடை இளகும். படாவிட்டால் பேச்சு தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, பார்வை மட்டும் ஈயைப்போல அங்கேயே வட்டமிடும். பஸ்ஸில் கண்டக்டர் மேல்கம்பியைப் பிடிக்கும்போதும், பெரிய மார்க்கெட்டில் மீன்காரி தராசை உயர்த்தும்போதும் அவருக்குத் தெரிவது தோள்தான். தான் குத்தியது எது, அடுத்தவர் குத்தியது எது என்று தழும்பை வைத்தே சொல்லுவார். அவர் குத்தியது காசளவில், ஓரம் பிசிறாமல், நடுவில் சல்லடைபோலச் சின்னச் சின்னக் குழிகளோடு இருக்கும்.

"தாலி கட்டுற நேரத்துலயே என் தோளைத்தான் தேடுனாரு. ரவிக்கைக் கை நீளமா இருந்துச்சோ, தப்பிச்சேன்" என்று அவர் மனைவி சுலோசனா வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவரும் கூடச் சிரிப்பார், அவர்கள் தோளைப் பார்த்துக்கொண்டே.

பிரெஞ்சுக்காரன் காலத்தில் சேர்ந்த வேலை. பழைய ஆட்கள் அவரை பிரெஞ்சிலேயே 'வாக்சினத்தேர்' என்பார்கள். மற்றவர்களுக்கு அம்மை குத்துகிறவர். நெல்லித்தோப்புப் பிள்ளைகளுக்கு வெறும் 'குத்து'. "குத்து வருது" என்று தெருமுனையில் ஒரு குரல் கேட்டால் போதும், அத்தனை பிள்ளைகளும் கட்டிலுக்கடியில், குதிருக்குப் பின்னால், சில வீட்டில் அம்மாமாரின் புடவைக்குள். ஆத்தாள் வந்து இறங்குகிற உடம்பில் இரும்பு படலாமா என்று பெண்கள் சண்டை பிடிப்பார்கள். அவர் கோபப்பட்டதே இல்லை. வாசலில் நின்று தண்ணீர் கேட்பார். தண்ணீர் கொண்டுவருகிறவளின் தோளைப் பார்ப்பார். அங்கிருந்து பேச்சைத் தொடங்குவார். குத்தியதோடு வேலை முடிந்துவிடுவதும் இல்லை. வாரம் கழித்து அதே வீட்டுக்கு வந்து, "பொங்குச்சா?" என்று கேட்க வேண்டும். குத்திய இடம் சிவந்து, நீர்கோத்து, பொங்கி எழுந்திருந்தால்தான் கணக்கு. பொங்காவிட்டால் மறுபடி குத்து.

எழுபத்தேழாம் வருஷம், பெரியம்மை இந்த நாட்டை விட்டே போய்விட்டது என்று அறிவித்தார்கள். ஆபீசில் ஆளுக்கொரு லட்டு கொடுத்தார்கள். லட்டைத் தின்று கை கழுவிவிட்டு வந்தவரிடம் கொசு ஒழிப்புப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். அன்றிலிருந்து சாக்கடை ஓரமாக எண்ணெய் ஊற்றிக்கொண்டு போனார். யாரும் ஓடி ஒளியவில்லை. வாரம் கழித்துப் போய்க் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. சாக்கடைக்கு இடது கை கிடையாது. பாம்பு நாக்குப்போல முனை பிளந்த அம்மை ஊசி ஒன்று மட்டும் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள்ளேயே தங்கிப்போனது. அதை யாரும் திருப்பிக் கேட்கவும் இல்லை, அவர் கொடுக்கவும் இல்லை.

அவருக்கு ஓர் அக்கா, செல்வாம்பாள். சின்ன வயதில் அவளுக்கு அம்மை வார்த்து, பிழைத்து எழுந்தாள். முகம் முழுக்க மழை பெய்த மணல்போல ஆகிவிட்டது. அதற்குப் பயந்து அப்பா தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடிப் போய்க் குத்திக்கொண்டு வந்தார். அக்காவுக்கு முகத்தில், தம்பிக்குக் கையில். அந்த வீட்டில் ஒரே நோய் இரண்டு விதமாக எழுதிவிட்டுப் போயிற்று.

சேதராப்பட்டில் வாழ்க்கைப்பட்ட செல்வாம்பாளுக்குப் பிள்ளை இல்லை. புருஷனும் போன பிறகு, கொழுந்தன் கொளஞ்சி வீட்டுப் பின்கட்டில் இருந்தாள். கிணற்றை ஒட்டிய துண்டு நிலத்தில் வெள்ளரி போட்டுக் காயைப் பெரிய மார்க்கெட்டுக்குக் கொண்டுவருவாள். முந்தானையை நெற்றிவரை இழுத்துவிட்டு உட்கார்ந்து விற்றுவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவாள். டவுனில் அவள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பார்கள். சேதராப்பட்டில் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டார்கள். அந்தச் சலிப்புதான் அவளுக்கு ஊர்.

லட்டு தின்ற மறுவருஷம் மாசி பிறந்த சமயம், எண்ணெய் டின்னை மார்க்கெட் வாசலில் வைத்துவிட்டு தெய்வசிகாமணி அவளைப் பார்க்கப் போனார். கூடையில் காய் இல்லை. முருங்கைக் கீரைக் கட்டுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொடி இப்போதுதான் இலை விடுகிறது என்றாள். போன இரண்டு வருஷமும் பூக்கிற நேரத்துக்கு இலையெல்லாம் புள்ளி விழுந்து, கருகி, வரப்போடு வரப்பாகப் போய்விட்டது. இந்த வருஷமும் போனால் அந்தத் துண்டில் சவுக்கு வைத்துவிடப்போவதாகக் கொளஞ்சி சொல்லிவிட்டான். சவுக்குக்குத் தண்ணீர் பாய்ச்ச ஒரு ஆள், காய் பறிக்க ஒரு ஆள் என்று வேண்டாம். நட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். அப்புறம் அண்ணி டவுனுக்கே போய்த் தம்பியோடு இருந்துகொள்ளட்டுமே என்று அவன் நல்லபடியாகத்தான் சொன்னானாம்.

"நல்லபடியாத்தான் சொன்னான்" என்று அவளே மறுபடி சொன்னாள். "காய் இருக்கிறவரைக்கும் நான் அண்ணி. காய் இல்லன்னா மூட்டை."

அவள் வருவதில் சுலோசனாவுக்கு ஆட்சேபம் இல்லை. வந்தால் இந்த முந்தானை இனி நெற்றியை விட்டு இறங்காது என்பது அவருக்குத் தெரியும்.

"இந்த வருஷம் எப்படி இருக்குது?"

"நம்முளுதுக்கு இன்னும் இல்ல. பக்கத்துல சாமிக்கண்ணு கொடிக்கு வாத்துடுச்சிடா."

சேதராப்பட்டுப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். வெள்ளரி இலையில் புள்ளி கண்டால் 'கொடிக்கு அம்மை வார்த்துவிட்டது' என்பார்கள். வரப்பில் வேப்பிலை சொருகுவார்கள். கொல்லைக்குள் சத்தம்போட்டுப் பேசமாட்டார்கள். சொல்லுகிறவர்களுக்கு அது வெறும் பேச்சு. ஆனால் அன்றைக்கு அதைக் கேட்டுக்கொண்டு நின்றவர், பிழைப்பு முழுவதும் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் தெருத் தெருவாக நடந்தவர். எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது மனசுக்குள் அது உருண்டுகொண்டே வந்தது. அம்மை வார்த்தால் என்ன செய்ய வேண்டும்? வாராதவர்களுக்குக் குத்த வேண்டும்.

தப்புதான். ஆனால் அவரைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாத தப்பு.

நேரே போய் ஊசியை எடுத்துவிடவில்லை. மறுநாள் விவசாய ஆபீசுக்குப் போனார். சந்திரகலா என்ற இளம் அதிகாரி இருந்தாள். அவர் சொன்னதைச் சிரிக்காமல் கேட்டாள். இலைப்புள்ளிக்குப் பூசணம் காரணம், மழைத்துளி தெறித்துப் பரவும் என்று விளக்கினாள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த போர்டோ கலவையை அடிக்கச் சொன்னாள்.

"போர்தோன்னா பிரெஞ்சுக்காரன் கப்பல் ஊரும்மா. பிராந்திப் பெட்டியில எழுதியிருக்கும்."

"அந்த ஊர்லதாங்க திராட்சைக் கொடிக்கு இதை மொதல்ல அடிச்சாங்க."

அவருக்குத் திருப்தியாக இருந்தது. கிளம்பப் போனவர் நின்று, கொடிக்கும் அம்மை குத்தலாமா என்ற தம் கேள்வியைக் கடைசியாகக் கேட்டுவிட்டார். அவள் தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், அவர் கண் அங்கேயே இருந்ததாலோ என்னவோ.

"குத்தினா நம்ம ரத்தத்துல எதிர்ப்பு ஊறுது. செடிக்கு ஏதுங்க ரத்தம்? குத்தறது எங்க போய் நிக்கும்? நீங்க நோயைத்தான் ஊட்டுவீங்க."

பதில் சரியாகத்தான் பட்டது. மயில்துத்தம் வாங்கிக்கொண்டு சேதராப்பட்டு பஸ் ஏறினார். ஆனால் கண்ணாடிக் கூட்டையும் எடுத்துக்கொண்டுதான் போனார்.

கொல்லையில் கொடிகள் தரையை விட்டு அப்போதுதான் தலை தூக்கியிருந்தன. இரண்டு பேருமாகக் கலவையைக் கரைத்துத் தெளித்தார்கள். இலைகள் நீலம் பூத்தன. கிணற்றோரப் பாத்தி ஒன்று மிஞ்சியபோது அவர் தெளிப்பதை நிறுத்திவிட்டு, சாமிக்கண்ணு கொல்லைக்குப் போய்ப் புள்ளி விழுந்த இலை ஒன்றைக் கிள்ளி வந்தார். கொட்டாங்கச்சியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு இலையைக் கசக்கினார். மெழுகுவத்தித் துண்டை ஏற்றி, ஊசியைச் சுட்டு ஆறவிட்டார்.

செல்வாம்பாளுக்குப் புரிய ஒரு நொடிதான் ஆயிற்று. வாய்க்காலைத் தாண்டி வந்து, கையை விரித்துக்கொண்டு பாத்திக்கு முன்னால் நின்றாள். நெல்லித்தோப்பில் பிள்ளைகளை மறைத்துக்கொண்டு நின்ற பெண்கள் எல்லாரும் ஒரே உருவத்தில் வந்து நின்றதுபோல அவருக்குத் தோன்றியது.

"ஊர்ப்புள்ளைங்களைக் குத்துனது பத்தலியா? ஆத்தா போயே பூட்டான்னு லட்டு குடுத்தாங்களே, அப்பவும் ஒனக்குக் கை அடங்கலியா?"

அவர் பழைய வழக்கப்படி குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவளுக்கு அந்தத் தந்திரம் தெரியும். கிணற்றைக் காட்டி நீயே இறைத்துக் குடி என்றாள். இறைத்துக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு அவளுடைய முகத்தையே பார்த்தார். அவர் ஒருவரை நேராக முகத்தில் பார்ப்பது அபூர்வம்.

"ஒனக்கு மறுபடி வந்துதாக்கா?"

வரவில்லை. அவளுக்குப் பிறகு அந்தத் தெருவில் எத்தனையோ பேருக்கு வார்த்தது. வார்த்தவர்கள் வீட்டில் போய் வேப்பிலையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள்தான். யாரும் நுழையாத வீட்டுக்குள் அவளை நுழையச் சொல்வார்கள். அவளுக்குத் தன் உடம்பைப் பற்றி மருத்துவர்களைவிட ஒன்று நிச்சயமாகத் தெரியும்: அது ஒருமுறைதான் வரும்.

கையை இறக்கினாள். குனிந்து ஒரு கொடியைத் தொட்டாள். "என்னை மாதிரி ஒரு எலைக்கு வரட்டும். மத்தது பொழைச்சிக்கட்டும்" என்றாள்.

அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஊசியைத் தோய்த்தார். பிறகு கை அந்தரத்தில் நின்றுவிட்டது. எந்த இலையில் என்று அவருக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் எங்கே குத்துவது என்று யோசிக்க வேண்டிய அவசியமே வந்ததில்லை.

அக்காவுக்கு விளங்கிவிட்டது. முந்தானை நழுவச் சிரித்தாள். "வெள்ளரிக்கு எதுடா இடது கை?"

"இரு, பாக்கறேன்."

கொஞ்ச நேரம் உண்மையிலேயே பார்த்தார். முதலில் விரிந்து, தரையோடு படிந்து, மற்ற இலைகளைவிட முற்றியிருந்த அடி இலையைத் தேர்ந்துகொண்டார். கொடிக்கு அது இருந்தும் பெரிதாக ஒன்றும் இல்லை, போனாலும் நஷ்டமில்லை என்பதைத் தவிர அவருக்கு வேறு காரணம் எதுவும் இல்லை. ஒவ்வொரு கொடியிலும் அந்த அடி இலையில், காசளவு வட்டத்துக்குள், ஓரம் பிசிறாமல் குத்திக்கொண்டே போனார். முதுகு வலித்தது. லட்டு தின்ற நாளிலிருந்து கையில் இல்லாத ஒரு நிதானம் திரும்பி வந்திருந்தது.

வாரம் கழித்து வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குள் நுழையாமல் கிணற்றடிக்குப் போனார். செல்வாம்பாள் வரப்பிலிருந்தே, "பொங்கியிருக்குதுடா" என்றாள். அடி இலைகள் எல்லாவற்றிலும் புள்ளி கண்டிருந்தது. பழுத்து, மஞ்சளாகி, நடுவில் கருத்து. அவருக்கு மனசு நிறைந்துவிட்டது. பின்னால் கொளஞ்சி வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

கொளஞ்சி கெட்டவன் இல்லை. ஆனால் அவன் பார்த்தது வேறு. பக்கத்துக் கொல்லையில் இருந்த நோய் இப்போது தன் கிணற்றோரம் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதையும் வேலை மெனக்கெட்டு ஒருவர் டவுனிலிருந்து பஸ் ஏறி வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"மச்சான், பொண்ணு குடுத்த வீட்டுக்குச் சீரு கொண்டாருவாங்க, சட்டி பானை கொண்டாருவாங்க. நீங்க சீக்குக் கொண்டாந்திருக்கீங்க."

சொல்லிவிட்டு, அந்தப் பாத்தியைப் பிடுங்கிக் கொளுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றதுக்கும் பரவும் என்றான். அதில் நியாயம் இருந்தது. சந்திரகலாவும் அதையேதான் சொல்லியிருப்பாள். தெய்வசிகாமணிக்குத் தம் கையின்மேல் முதல்முறையாகச் சந்தேகம் வந்தது. ஒரு பிள்ளைக்குப் பொங்கினால் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். ஒரு கொடிக்குப் பொங்கினால்? அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிடுங்கட்டும் என்று சொல்ல வாயைத் திறந்தார்.

செல்வாம்பாள் பாத்திக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டாள். சத்தம் போடவில்லை, கொல்லையில் சத்தம் போடக்கூடாது. "இதுவும் பூட்டா நானே சவுக்கு நடறேன் கொளஞ்சி. குழி வெட்டறதுக்கும் ஆள் வேணாம்" என்றாள்.

அவன் திரும்பி வீட்டுக்குள் போய்விட்டான். அண்ணி எழுந்திருக்க மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். அன்றைக்குத் திரும்பிப் போகிற பஸ்ஸில் தெய்வசிகாமணி கண்டக்டருடைய தோளைக்கூடப் பார்க்கவில்லை. அக்கா தனக்காக அங்கே உட்கார்ந்தாளா, தம்பிக்காகவா என்பதையே நினைத்துக்கொண்டு, கோரிமேட்டில் ஆஸ்பத்திரிக் கூட்டம் ஏறி இடித்ததையும் உணராமல் நின்றார்.

மாசி மகம் கழிந்த கையோடு காலமில்லாத மழை ஒன்று பிடித்துக்கொண்டது. கடற்கரையில் சாமிக்குப் போட்ட பந்தல்கள் ஊறித் தொங்கின. சாக்கடைகள் நிரம்பி ஓடியதால் கொசுப் பிரிவுக்கு மூச்சுவிட நேரமில்லை. அவரால் சேதராப்பட்டுக்குப் போக முடியவில்லை. மழையில் போர்தோ நீலம் முழுவதும் கழுவிக்கொண்டு போயிருக்கும் என்று மட்டும் தெரிந்தது. ராத்திரி ஓட்டில் மழை விழும் சத்தத்தில், இலைமேல் துளி தெறிப்பதை அவர் கேட்டுக்கொண்டு படுத்திருந்ததாகச் சுலோசனா பிற்பாடு சொன்னாள். "ஓடு ஒழுகுதேன்னு நான் பாத்திரம் வைக்கறேன், இவரு கொடி கொடின்னு மொணகறாரு."

மழை விட்டு, அவர் போனபோது, சாமிக்கண்ணு கொல்லையில் கொடி என்று சொல்ல ஒன்றுமில்லை. செல்வாம்பாளுடைய பாத்திகளும் பெரும்பாலும் கருகிக் கிடந்தன. கிணற்றோரத்தை அவர் கடைசியாகத்தான் பார்த்தார், வேண்டுமென்றே.

அடி இலைகள் உதிர்ந்து மக்கிவிட்டிருந்தன. அதற்கு மேலே கொடி பச்சையாக இருந்தது. அங்கொன்று இங்கொன்றாகப் புள்ளி விழுந்திருந்தது, ஆனால் விழுந்த இடத்திலேயே நின்றுவிட்டிருந்தது. பூவும் இருந்தது. கொடியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். இது தன் ஊசியின் வேலைதானா என்ற கேள்வியை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

காய் வந்தது. ஆனால் சிறுத்த காய். வழக்கமாக ஒரு முழம் நீளும் வெள்ளரி, கைக்குள் அடங்கிவிடுகிற அளவில் நின்றது. கொளஞ்சி ஒன்றைப் பறித்துத் துடைத்துக் கடித்துப் பார்த்தான். அம்மை குத்தின பிள்ளைபோலச் சவலையாக இருக்கிறதே என்றான். இன்னொன்றையும் பறித்துக்கொண்டான். வைகாசியில் கருகிய பாத்திகளில் சவுக்கு நட்டான், சொன்ன வார்த்தை தவறாமல். கிணற்றோரப் பாத்தியைக் கேட்காமலே விட்டுவிட்டான். செல்வாம்பாளின் மூட்டை பின்கட்டிலேயே இருந்தது.

சந்திரகலா ஒருநாள் வந்து பார்த்தாள். தெய்வசிகாமணியே கூட்டிக்கொண்டு வந்தார். கிணற்றோரம் மேடு, தண்ணீர் நிற்காது, காற்று உண்டு, அதனால் ஈரம் சீக்கிரம் காய்ந்திருக்கலாம் என்றாள். இருக்கலாம் என்று அவரும் ஒப்புக்கொண்டார். அடுத்த வருஷம் கிணற்றிலிருந்து தள்ளி ஒரு வரிசை போட்டுப் பாருங்கள் என்று அவள் சொன்னாள். ஆனால் தள்ளிப்போட இடம் ஏது, அங்கேதான் சவுக்கு நின்றதே.

ஆகவே அது மேட்டினாலா, ஊசியினாலா என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. தெரியாமலே ஒவ்வொரு வருஷமும் தை கழிந்ததும் பஸ் ஏறுவார். ஓய்வுபெற்ற பிறகும் போனார். அவருடைய கண்ணில் புரை விழுந்த வருஷம் செல்வாம்பாளே கருவேல முள்ளை எடுத்துக் குத்தினாள். அவர் வரப்பில் உட்கார்ந்து, "வட்டமாக் குத்துக்கா, பிசிறக்கூடாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எண்பத்தாறில், மழைக்காலத்தில் அவர் காலமானார். குளிப்பாட்டும்போது அவருடைய இடது தோளில் இருந்த பழைய தழும்பைச் செல்வாம்பாள் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். அந்தப் பாத்தி மட்டும் வெள்ளரிப் பாத்தியாகவே இருந்தது, அவள் இருந்தவரை. காய் கடைசிவரை சிறுத்துத்தான் காய்த்தது.

வெகுகாலம் கழித்துத்தான் கொடிக்குள் என்ன நடக்கிறது என்பது தெரிய வந்தது. செடிக்கு ரத்தம் இல்லை, சந்திரகலா சொன்னது சரி. ஆனால் நோய் தொட்ட இலை, சும்மா கருகிப் போவதில்லை. அதிலிருந்து தண்டு வழியாக மேல் இலைகளுக்குச் சேதி போகிறது. அங்கே ஆஸ்பிரின் மாத்திரைக்கு நெருங்கிய உறவான ஓர் அமிலம் ஊறுகிறது. அந்த இலைகளின் ஒவ்வோர் உயிரணுவிலும் ஒரு வகைப் புரதம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, உட்கருவுக்கு வெளியே வேலையில்லாமல் கிடக்கும். சேதி வந்ததும் பின்னல் அவிழ்ந்து உள்ளே நுழைகிறது. மரபணுக்களின் வாசலில் நிற்கும் வேறு சில புரதங்களோடு கைகோத்து, அதுவரை சாத்திக் கிடந்த மரபணுக்களைத் திறந்துவிடுகிறது. விதைக்குள் முதலிலிருந்தே இருந்த காவல் அப்போதுதான் எழுந்திருக்கிறது. அது இன்ன நோய்க்கென்று இல்லாமல் வருகிற பல நோய்க்கும் நிற்கிறது. அந்தக் காவலுக்குச் செலவாகிற சத்து காய்க்குப் போய்ச் சேராமலும் போகும்.

இன்னொன்றும் தெரிந்தது. அவர் அந்தக் கிணற்றடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த அதே வருஷங்களில், கடலுக்கு அப்பால் ஓர் ஊர்ச் சோதனைச்சாலையில் சிலர் இதையே செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டதும் வெள்ளரிதான். நோயை வைத்ததும் அடியில், முதலில் விரிந்த இலையில்.